எந்த எஃப்.டி.ஐ.ஆர். கருவியை வாங்குவது? கடலோர ஆய்வகங்களுக்கான ஓர் ஒப்பீடு

வேதியியல் ஆய்வகம் ஒன்று அகச்சிவப்பு நிறமாலைமானி (ஒரு பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்து அதை அடையாளம் காட்டும் கருவி) வாங்கப் போகிறது என்ற செய்தி பரவியதும் நான்கைந்து நிறுவனங்களின் விளக்கக் கையேடுகள் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கும்: ஒன்று சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், மற்றொன்று அருகருகே விழும் உறிஞ்சல்களைத் தனித்தனியே காட்டும் பிரிதிறன். கொள்முதல் குழுவும் அவ்விரு எண்களை விலையோடு சேர்த்து ஓர் அட்டவணையில் எழுதிப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஆய்வகங்களுக்கு இந்த முறை பொருந்தாது. எந்த மாதிரியை அளக்கப் போகிறோம், அதை எந்த வழியில் ஒளிக்குக் காட்டப் போகிறோம், கருவியின் ஒளியியல் பாகங்கள் எந்தப் பொருளால் ஆனவை, ஐப்பசி மழையில் அந்த அறையின் ஈரப்பதம் எவ்வளவு உயரும் என்ற கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொண்ட பிறகே கையேட்டைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்று ஆய்வகங்களுக்கென விற்கப்படும் நடு அகச்சிவப்புக் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே ஃபூரியர் உருமாற்ற வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் அவற்றை எஃப்.டி.ஐ.ஆர். என்றே அழைக்கிறோம். ஒளிக்கற்றையை ஒரு கற்றைப் பிரிப்பான் இரண்டாகப் பிரிக்க, ஒரு பாதி நிலையான ஆடியிலும் மறுபாதி முன்னும் பின்னும் நகரும் ஆடியிலும் பட்டுத் திரும்பி மீண்டும் ஒன்றுசேர்கிறது. அப்போது எழும் குறுக்கீட்டு வடிவத்தைக் கணினி நிறமாலையாக மாற்றித் தருகிறது. இந்தக் கணக்கீட்டை விரைந்து முடிக்கும் வழிமுறையைக் கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்டது இவ்வகைக் கருவிகள் பரவலாவதற்குப் பெரிதும் துணைசெய்தது. வழக்கமான வேலைக்குரிய பகுதி 4000 முதல் 400 வரையிலான அலையெண்கள், அதாவது ஒரு செ.மீ. நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை. இக்கட்டுரையில் அலையெண் என்று வரும் இடமெல்லாம் அலகு செ.மீ.⁻¹ என்று கொள்க.

முதல் பக்கத்து எண்கள்

நகரும் ஆடி எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைப் பொறுத்துப் பிரிதிறன் அமைகிறது. ஒளிப்பாதை வேறுபாடு 0.25 செ.மீ. என்றால் 4 அலையெண் பிரிதிறனும், 1 செ.மீ. என்றால் 1 அலையெண் பிரிதிறனும் கிடைக்கும். ஆடியை அத்தனை தூரம் சிறிதும் சாயாமல் நகர்த்த நுட்பமான பொறியியல் வேண்டியிருப்பதால், பிரிதிறன் மேம்பட மேம்பட விலையும் ஏறுகிறது. ஆனால் திண்ம, திரவ மாதிரிகளின் உறிஞ்சு பட்டைகள் (நிறமாலையில் ஒளி உறிஞ்சப்படும் இடங்கள்) இயல்பிலேயே அகலமானவை. ஆஸ்பிரினின் எஸ்டர் கார்பனைல் பட்டை 1750-ஐ ஒட்டியும் அமிலக் கார்பனைல் பட்டை 1690-ஐ ஒட்டியும் தோன்றும். இடைவெளி ஏறத்தாழ 60 அலையெண். அவ்விரண்டையும் பிரித்துக் காட்ட 4 அலையெண் தாராளமாகப் போதும். அதே மாதிரியை 0.5 அலையெண்ணில் அளந்தால் புதிய செய்தி எதுவும் கிடைப்பதில்லை. அளக்கும் நேரம் நீள்கிறது, இரைச்சல் கூடுகிறது, அறைக் காற்றின் நீராவிக் கோடுகள் 1400 முதல் 1900 வரையிலான பகுதியில் கூர்கூராக எழுந்து கார்பனைல் பட்டையின் மேலேயே உட்கார்ந்துகொள்கின்றன.

வாயு மாதிரி என்றால் நிலைமை வேறு. இயற்பிய வேதியியல் செய்முறைகளில் காலங்காலமாக இடம்பெறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவின் அதிர்வு-சுழற்சி நிறமாலையை எடுத்துக்கொள்வோம். குளோரினின் 35, 37 ஆகிய இரு ஐசோடோப்புகளால் ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ 2 அலையெண் இடைவெளியில் இரட்டையாகப் பிரிய வேண்டும். 4 அலையெண் பிரிதிறனில் அந்த இரட்டை ஒன்றாகக் கலந்துவிடும். 1 அலையெண் தேவை, 0.5 இருந்தால் மாணவர்கள் ஐயமின்றி அளவெடுக்கலாம். முதுகலை வகுப்பு நடத்தும் கல்லூரி இந்தச் சோதனையைச் செய்யப்போகிறது என்றால், பிரிதிறனுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமே. மூலப்பொருள் சோதிக்கும் தொழிற்சாலைக்கு அது வீண் செலவு.

சிக்னல்-இரைச்சல் விகிதத்தை ஒப்பிடுவதில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நிறுவனம் ஐந்து விநாடி அளவீட்டுக்கான எண்ணைத் தருகிறது. இன்னொன்று ஒரு நிமிட அளவீட்டுக்கான எண்ணைத் தருகிறது. ஸ்கேன்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் விகிதம் இரு மடங்காகும் என்பதால், ஒரு நிமிட எண் ஐந்து விநாடி எண்ணைவிட மூன்றரை மடங்கு அளவுக்குத் தானாகவே பெரிதாகத் தெரியும். கருவிகளின் தரத்தில் அதனால் எந்த வேறுபாடும் இல்லை. மேலும், அந்த எண்கள் மாதிரி அறை காலியாக இருக்கும்போது, ஒளி தடையின்றிப் பாயும் நிலையில் எடுக்கப்பட்டவை. மாதிரியை மேலே வைத்து அளக்க நாம் அன்றாடம் பயன்படுத்தப்போகும் வைரப் படிகத் துணைக்கருவி அந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது, துணைக்கருவி பொருத்திய நிலையில், 4 அலையெண்ணில், ஒரே கால அளவில் எடுத்த நூறு விழுக்காட்டுக் கோட்டின் (மாதிரி வைக்காமல் அடுத்தடுத்து எடுத்த இரு அளவீடுகளின் விகிதம்) இரைச்சல் எவ்வளவு என்பதுதான்.

உப்பு ஒளியியலும் மழைக்காலமும்

கடலோர ஆய்வகத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான தேர்வு இதுதான். கையேட்டில் இது பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான மேசைக் கருவிகளின் கற்றைப் பிரிப்பானும் சன்னல்களும் பொட்டாசியம் புரோமைடால் ஆனவை. 400 அலையெண்ணுக்கும் கீழே வரை ஒளியை விடும் அருமையான பொருள் அது. ஆனால் அது உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பளபளப்பாக இருந்த பரப்பு மெல்ல மங்கி, பால் படர்ந்தாற்போல் ஆகி, கருவிக்குள் செல்லும் ஒளியின் அளவைக் குறைத்துக்கொண்டே போகும். மென்பொருளில் ஆற்றல் அளவைக் காட்டும் எண் மாதத்துக்கு மாதம் இறங்குவதுதான் இதற்கான முதல் அறிகுறி. மங்கிய கற்றைப் பிரிப்பானைச் சீர்செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு ஒரு துறையின் ஆண்டு நிதியையே பதம் பார்த்துவிடும்.

கருவி கெட்டுப்போகும் விதத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். மாலையில் அறையைப் பூட்டும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குளிர்சாதனத்தையும் கருவியையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். தீபாவளி விடுமுறை வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் கூடவே வருகிறது. அறை நான்கு நாள் மூடிக் கிடக்கிறது. கருவியின் பக்கவாட்டிலுள்ள சிறிய ஈரங்காட்டி நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியிருப்பதை விடுமுறை முடிந்து வந்தவர் கவனிப்பதில்லை; ஈரம் உறிஞ்சும் டெசிகன்ட் பையைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பதற்குப் பதிவேடும் இல்லை. இத்தனைக்கும் கருவியை இரவும் பகலும் அணைக்காமல் விட்டிருந்தாலே அதன் உள்வெப்பம் ஒளியியல் பாகங்களை ஓரளவு உலர்வாக வைத்திருக்கும். எஃப்.டி.ஐ.ஆர். கருவியை விடுமுறையிலும் அணைக்கக் கூடாது என்று அறைக்கதவிலேயே எழுதி ஒட்டுவதற்கு நான் சிறிதும் தயங்க மாட்டேன்.

மாற்று வழி, துத்தநாக செலினைடு ஒளியியல். ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அதன் ஒளிவிலகல் எண் 2.4 என்பதால் பரப்புகளில் பிரதிபலிப்பு இழப்பு கூடுதல். ஆகவே ஒளியின் அளவு சற்றே குறையும். பெரிய விலை கொடுக்க வேண்டியது அலையெண் எல்லையில்தான்: ஏறத்தாழ 500-க்குக் கீழே அது ஒளியை விடாது. அந்த இழப்பு உங்களுக்கு இழப்பா இல்லையா என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

மருந்து மூலப்பொருளை அடையாளம் காணும் ஆய்வகத்துக்கு அது இழப்பே இல்லை. அமெரிக்க மருந்தியல் தொகுப்பு அடையாளச் சோதனைக்குக் குறிப்பிடும் பகுதி 3800 முதல் 650 வரைதான். பாலித்தீன், நைலான், பெட் (தண்ணீர்ப் பாட்டில் நெகிழி) போன்ற பலபடிகளை அடையாளம் காண்பதற்கும் எண்ணெய், கரைப்பான், பிசின் ஆகியவற்றுக்கும் 650-க்கு மேலே உள்ள பட்டைகளே போதுமானவை. பாலித்தீனின் புகழ்பெற்ற இரட்டைப் பட்டைகூட 730, 720-இல்தான் இருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று பெரும்பாலான ஆராய்ச்சி மாணவர்கள் எதைச் செய்கிறார்கள் என்று பாருங்கள்: இலைச்சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு நானோத் துகள்கள் தயாரிப்பது. இவற்றில் உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பைக் காட்டும் பட்டைகள் 600-க்குக் கீழே தொடங்குகின்றன. துத்தநாக ஆக்சைடின் பட்டை 400-க்கும் 500-க்கும் இடையில் இருக்கிறது. ஆய்வேட்டில் மாணவர் சுட்டிக்காட்ட வேண்டிய ஒரே முக்கியப் பட்டை அதுதான். அத்தகைய துறை துத்தநாக செலினைடு கருவியை வாங்கினால், முதல் மாதமே மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அவர்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு ஒளியியல் தவிர வேறு வழியில்லை; அதற்கேற்பக் குளிர்சாதனம், ஈரம் நீக்கி, தடையில்லா மின்சாரம் ஆகியவற்றையும் கருவியின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதிலும் ஓர் இடறல் உண்டு. பொட்டாசியம் புரோமைடு கருவியை அலையெண் எல்லைக்காகவே கூடுதல் அக்கறையோடு வாங்கிவிட்டு, அதன்மேல் பொருத்தும் வைரப் படிகத் துணைக்கருவியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மலிவான வடிவங்களில் மெல்லிய வைரத் தகட்டுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் பகுதி துத்தநாக செலினைடால் ஆனது. அப்படியானால் அளவீடு மீண்டும் 525-ஐ ஒட்டிய இடத்தில் நின்றுவிடும். முழு எல்லையும் வேண்டுமென்றால் ஒற்றை வைரத்தால் ஆன படிகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்; அதை விலைப்புள்ளியில் எழுத்தில் பெறுவதும் அவசியம்.

மாதிரியைக் காட்டும் வழி

பழைய முறை அனைவரும் அறிந்தது. ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மாதிரியை நூறு மடங்குக்கும் மேலான உலர்ந்த பொட்டாசியம் புரோமைடோடு அகேட் உரலில் அரைத்து, 13 மி.மீ. அச்சில் இட்டு, நீரழுத்த இயந்திரத்தில் அழுத்தி, கண்ணாடி போன்ற வில்லையாக எடுக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவருக்குச் சில நிமிட வேலை. பழக்கமில்லாதவர் எடுத்த வில்லை புகை படிந்தது போலிருக்கும், நிறமாலையின் அடிக்கோடு சாயும், மழைநாளில் 3400-இலும் 1640-இலும் நீரின் பட்டைகள் தவறாமல் வந்து நிற்கும். மாதிரி ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருந்தால் அழுத்தும்போது அயனிப் பரிமாற்றம் நிகழக்கூடும் என்பதால் பொட்டாசியம் குளோரைடைப் பயன்படுத்த வேண்டும். அரைப்பதாலும் அழுத்துவதாலும் சில மருந்துப் பொருள்களின் படிக வடிவமே மாறிவிடுவதும் உண்டு.

ஏ.டி.ஆர். எனப்படும் தணிந்த முழு அகப் பிரதிபலிப்பு முறை இந்தச் சிரமங்களில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டது. படிகத்துக்குள் முழுமையாகப் பிரதிபலிக்கும் ஒளி, பரப்புக்கு வெளியே ஓரிரு மைக்ரான் தூரம் மாதிரிக்குள் எட்டிப் பார்த்துத் திரும்புகிறது. வைரப் படிகத்தில் 1000 அலையெண்ணில் இந்த ஆழம் ஏறத்தாழ 2 மைக்ரான். பொடியை அப்படியே வைத்து, மேலிருந்து திருகி அழுத்தி, அளந்து, ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. நீர்க்கரைசல்களுக்கும் இந்தக் குறுகிய ஆழம் ஒரு வரம், ஏனெனில் நீர் அகச்சிவப்பை அவ்வளவு வலுவாக உறிஞ்சும்.

படிகத்தின் தேர்வில் அவசரம் கூடாது. துத்தநாக செலினைடு மலிவானது, ஆனால் மென்மையானது. கடினமான துகள்கள் கீறிவிடும், அமிலம் பட்டால் அரிக்கும், அரிக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் செலினைடு நச்சு வாயு. பலர் கையாளும் ஆய்வகத்தில் அதை வைக்கவே கூடாது என்பேன். வைரம் எதற்கும் அசையாது. 1800 முதல் 2700 வரை அதன் சொந்த உறிஞ்சல் உண்டு என்பதால், நைட்ரைல், ஐசோசயனேட் போன்ற தொகுதிகளின் பலவீனமான பட்டைகளைத் தேடுவோர் மட்டும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் 4. ஆகவே ஒளி இறங்கும் ஆழம் வைரத்தில் இருப்பதன் மூன்றில் ஒரு பங்கு. கார்பன் கருப்பு நிரம்பிய ரப்பர் வளையம் ஒன்றை வைரத்தின் மீது வைத்து அளந்து பாருங்கள்: அடிக்கோடு சரிவாக ஏறும், பட்டைகள் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாகச் சிதைந்து நிற்கும். அதே வளையத்தை ஜெர்மானியத்தில் அளந்தால் பட்டைகள் தெளிந்த வடிவத்துக்குத் திரும்பிவிடும். டயர், கேஸ்கெட், காலணி அடிப்பாகம் முதலியவற்றைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு வைரத்தோடு ஜெர்மானியமும் தேவை.

ஏ.டி.ஆர். வந்துவிட்டதால், வில்லையிலோ திரவக் கலத்திலோ உள்ள மாதிரியின் ஊடாக ஒளியைச் செலுத்தும் ஊடுருவல் முறை தேவையில்லை என்று விற்பனையாளர் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒளி இறங்கும் ஆழம் அலைநீளத்துக்கேற்ப மாறுவதால், ஏ.டி.ஆர். நிறமாலையில் 2900-ஐ ஒட்டிய பட்டைகள் சிறுத்தும் 1000-க்குக் கீழுள்ளவை பெருத்தும் தெரியும். வலுவான பட்டைகள் சில அலையெண்கள் கீழிறங்கியும் இருக்கும். வில்லை முறையில் எடுத்த மேற்கோள் நிறமாலையோடு அதை நேரடியாக ஒப்பிடக் கூடாது. மேற்கோள் பொருளையும் அதே கருவியில் அதே முறையில் எடுத்தே ஒப்பிட வேண்டும். அளவறி பகுப்பாய்வில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. டீசலில் கலந்த பயோடீசலின் அளவை 1745-ஐ ஒட்டிய கார்பனைல் பட்டையைக் கொண்டு அளக்கும் ஐரோப்பிய முறையான இ.என். 14078 திரவக் கலத்தில் ஊடுருவல் அளவீட்டைக் கேட்கிறது. அதே வேலைக்கான அமெரிக்க முறையான ஏ.எஸ்.டி.எம். டி7371 ஏ.டி.ஆர்.-ஐ ஏற்கிறது. உங்கள் வாடிக்கையாளர் எந்த முறையில் சான்றிதழ் கேட்கிறார் என்பதே எந்தத் துணைக்கருவி என்பதற்கு விடை. சிறிய கருவிகள் சிலவற்றில் ஏ.டி.ஆர். பகுதியைக் கழற்றி ஊடுருவல் பகுதியைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டாம் பகுதியின் விலை முதல் விலைப்புள்ளியில் இருப்பதில்லை.

மாதிரியைக் கடந்து வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் உணரிகளைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம். அறைவெப்பத்தில் இயங்கும் டி.டி.ஜி.எஸ். உணரி வழக்கமான வேலைகள் அனைத்துக்கும் போதும். லித்தியம் டாண்டலேட் உணரி மலிவு, ஈரத்துக்கு அஞ்சாது, உணர்திறன் குறைவு. எம்.சி.டி. உணரிக்கு வழக்கமாகத் திரவ நைட்ரஜன் தேவை. நுண்ணோக்கி, அதிவேக வினைகள், மிகச் சிறிய மாதிரிகள் ஆகியவற்றுக்காக அன்றி அதை வாங்க வேண்டாம்.

சந்தையில் உள்ளவை

பெயர் சொல்லிப் பார்ப்போம். சிறிய கருவிகளின் வரிசையில் அஜிலன்ட் கேரி 630, புரூக்கர் ஆல்ஃபா 2, ஷிமாட்சு ஐ.ஆர். ஸ்பிரிட், பெர்கின் எல்மர் ஸ்பெக்ட்ரம் டூ, தெர்மோ ஃபிஷரின் நிக்கோலெட் சம்மிட் ஆகியவை நம் ஆய்வகங்களில் அடிக்கடி ஒப்பிடப்படுகின்றன. கேரி 630-இன் அடிப்படைக் கருவி நான்கு கிலோவுக்கும் குறைவானது. துணைக்கருவிகளைச் சீரமைப்பு எதுவுமின்றி மாற்றிப் பொருத்தலாம், திரவங்களுக்கென ஒளிப்பாதையைத் திருகி மாற்றும் பகுதியும் உண்டு. ஆல்ஃபா 2-இல் தட்டையான ஆடிகளுக்குப் பதிலாக மூன்று முகங்கள் கொண்ட மூலை ஆடிகள் இருக்கின்றன. ஆடி சற்றுச் சாய்ந்தாலும் ஒளி வந்த திசையிலேயே திரும்பும் என்பதால், லாரிகள் போகும் சாலையோரக் கட்டடத்திலும் சீரமைப்பு கலைவது அரிது. ஐ.ஆர். ஸ்பிரிட் 39 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் 8.5 கிலோ எடையும் கொண்டது. சிறியதாக இருந்தும் பிற துணைக்கருவிகளை ஏற்கும் மாதிரி அறை அதில் உண்டு. முதல் மூன்றிலும் துத்தநாக செலினைடு ஒளியியல் கொண்ட வகையைக் கேட்டுப் பெறலாம். ஸ்பெக்ட்ரம் டூவில் ஈரத்தடுப்புக் கவசம் உப்பு ஒளியியலைக் காக்கிறது.

அடுத்த படியில் ஷிமாட்சுவின் ஐ.ஆர். அஃபினிட்டி வரிசையைக் கடலோர ஆய்வகங்கள் தனியாகக் கவனிக்கலாம், ஏனெனில் அதன் குறுக்கீட்டுமானிக்குள் (கற்றைப் பிரிப்பானும் ஆடிகளும் உள்ள பகுதி) மின்சாரத்தால் இயங்கும் தானியங்கி உலர்த்தி பொருத்தப்பட்டிருக்கிறது. பொட்டாசியம் புரோமைடு ஒளியியல் தேவைப்படும் கல்லூரித் துறைக்கு இத்தகைய ஏற்பாடு டெசிகன்ட் பையை மட்டும் நம்பியிருப்பதைவிட நிம்மதி தரும். ஆனால் மின்சாரம் போனால் அந்த உலர்த்தியும் நின்றுவிடும். தெர்மோ நிக்கோலெட் ஐ.எஸ். 50, புரூக்கர் வெர்டெக்ஸ் போன்றவை ஆராய்ச்சி மையங்களுக்கு உரியவை. கற்றைப் பிரிப்பானை மாற்றி அருகு, நடு, தொலை அகச்சிவப்புப் பகுதிகளை அளக்கவும், வெற்றிடத்தில் நீராவிக் கோடுகளே இல்லாமல் அளக்கவும் தேவைப்படுவோர் மட்டும் அவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு என் தேர்வு: துத்தநாக செலினைடு ஒளியியல், ஒற்றைப் பிரதிபலிப்பு வைர ஏ.டி.ஆர்., கூடவே கழற்றி மாட்டும் ஊடுருவல் பகுதி கொண்ட சிறிய கருவி. பொருளறிவியலும் வாயு நிறமாலையும் கற்பிக்கும் கல்லூரிக்கு: பொட்டாசியம் புரோமைடு ஒளியியல், 0.5 அலையெண் பிரிதிறன், அகன்ற மாதிரி அறை கொண்ட மேசைக் கருவி. இவ்விரண்டுக்கும் நடுவில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு கருவி இருப்பதாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை.

மென்பொருளும், இக்கருவியால் ஆகாததும்

மருந்துத் தொழிலில் மென்பொருளே பாதிக் கருவி. பயனர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல், யார் எப்போது எதை மாற்றினார் என்ற அழிக்க முடியாத பதிவு, மின்னணுக் கையொப்பம் ஆகியவற்றை அமெரிக்க விதியான 21 சி.எஃப்.ஆர். பகுதி 11 கேட்கிறது. 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட, மருந்து உற்பத்தி நெறிமுறைகளைக் கூறும் நம் நாட்டு எம் அட்டவணையும் கணினி அமைப்புகள் சரிபார்க்கப்பட வேண்டும் என்கிறது. சாதாரணப் பதிப்பை வாங்கிவிட்டுத் தணிக்கை வரும்போது உயர்த்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பின்னர் அதிக விலை கொடுக்கிறார்கள். நிறமாலை நூலகமும் தனி விலை, அது ஏ.டி.ஆர். முறையில் தொகுக்கப்பட்டதா, ஊடுருவல் முறையிலா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் காம்பியா நாட்டுக் குழந்தைகளின் மரணம் தொடர்பாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. இரண்டிலும் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தின் கலப்படமே பேசப்பட்டது. அதன்பிறகு, சிரப்பில் சேர்க்கும் கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் எஃப்.டி.ஐ.ஆர். வைத்துச் சோதித்தால் போதுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. இக்கருவி டிரம்மில் இருப்பது கிளிசரினா வேறொன்றா என்பதை நொடியில் சொல்லும். ஆனால் டைஎத்திலீன் கிளைக்காலுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.10 விழுக்காடு. கிளைக்கால்களின் பட்டைகள் 1000 முதல் 1150 வரை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும்போது, அவ்வளவு சிறிய கலப்பை ஏ.டி.ஆர். நிறமாலை காட்டாது. அதற்குக் கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவிதான் வேண்டும். ஒரே ஒரு கருவிக்குத்தான் நிதி இருக்கிறது, சிரப் தயாரிப்பதே தொழில் என்றால், அந்த நிதி முதலில் வாயு நிறப்பகுப்புக்கே போக வேண்டும்.

வாங்காமலும் இருக்கலாம்

மாதத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரிகளே வரும் சிறு நிறுவனமும் தொடக்கநிலைத் துறையும் கட்டணம் செலுத்தி அளந்துகொள்வதே அறிவுடைமை. சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தின் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையமும், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் வெளி மாதிரிகளை ஏற்கின்றன. பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்கலாமா என்றால், கருவியை விடக் கணினியைப் பாருங்கள்: காலாவதியான விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள், கையிருப்பில் இல்லாத லேசர் (ஆடியின் நகர்வை அளப்பது), எப்போது மாற்றியது என்று தெரியாத கற்றைப் பிரிப்பான் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள். தானியம், தீவன மாவு ஆகியவற்றின் ஈரப்பதமும் புரதமும் மட்டுமே தேவை என்றால் அருகு அகச்சிவப்புக் கருவி பொருத்தமானது. கண்ணாடிக் குப்பியைத் திறக்காமலே பொருளை அடையாளம் காண வேண்டுமென்றால் லேசர் ஒளியின் சிதறலை அளக்கும் ராமன் கருவியைப் பார்க்கலாம். நிறமுள்ள, ஒளிரும் மாதிரிகளில் அது திணறும்.

செயல்விளக்கமும் கொள்முதல் ஆணையும்

செயல்விளக்கத்துக்கு விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிகளில் எல்லாக் கருவியும் அழகாகவே இயங்கும். உங்கள் ஆய்வகத்தின் மிக மோசமான மாதிரிகளை எடுத்துச் செல்லுங்கள்: கருத்த ரப்பர் துண்டு, கடினமான குருணை, நீர்த்த கரைசல், பிசுபிசுப்பான பிசின். குருணையை அழுத்தும்போது திருகு வழுக்குகிறதா, திரவத்தைத் துடைக்கும்போது படிகத்தைச் சுற்றியுள்ள விளிம்பில் தேங்குகிறதா, உங்கள் பொட்டலத்தையோ குழாய்த் துண்டையோ வெட்டாமல் அப்படியே வைக்க மேலே இடம் இருக்கிறதா என்பவற்றை அங்கேயே பார்த்துவிட வேண்டும். பிறகு, பட்டைகளின் இடம் முன்பே துல்லியமாகத் தெரிந்த பாலிஸ்டைரீன் படலத்தை அளக்கச் சொல்லுங்கள். 1601.2 அலையெண்ணில் இருக்க வேண்டிய பட்டை ஓர் அலையெண்ணுக்குள் அமைகிறதா என்பதையும், 1583.0, 1028.3 ஆகிய பட்டைகளையும் சரிபாருங்கள். பிரிதிறனுக்கு ஐரோப்பிய மருந்தியல் தொகுப்பு கேட்பவற்றில் ஒன்று, 2870-இன் பள்ளத்துக்கும் 2849.5-இன் உச்சிக்கும் இடையே உறிஞ்சல் வேறுபாடு 0.33-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது. இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கொள்முதல் ஆணையில் இந்தப் பாலிஸ்டைரீன் சோதனையை விற்பனையாளர் அலுவலகத்தில் அல்ல, உங்கள் அறையில், நிறுவிய அன்று ஒருமுறையும் முதல் மழைக்காலம் முடிந்த பிறகு மறுமுறையும் செய்து காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். கற்றைப் பிரிப்பான் ஈரத்தால் மங்கினால் அது உத்தரவாதத்தில் அடங்குமா, பயனரின் கவனக்குறைவு என்று ஒதுக்கப்படுமா என்பதை ஒரே வரியில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பல ஒப்பந்தங்களில் ஒளியியல் பாகங்கள் நுகர்பொருள் பட்டியலில் சத்தமின்றிச் சேர்க்கப்பட்டிருக்கும். மாற்று டெசிகன்ட், லேசர், ஒளிமூலம், படிகம் ஆகியவற்றின் விலையை ஐந்தாண்டுக்கு நிலையாக எழுதி வாங்குங்கள். சேவைப் பொறியாளர் எந்த ஊரில் இருக்கிறார், அழைத்தால் எத்தனை வேலைநாளில் வருவார் என்பதையும் ஆணையிலேயே சேர்த்து, தொகையின் கடைசிப் பகுதியை மழைக்காலச் சோதனை முடியும்வரை நிறுத்திவைக்க நிறுவனம் ஒப்புகிறதா என்று கேளுங்கள். தன் கருவி நம் கடற்காற்றைத் தாங்கும் என்று நம்பும் நிறுவனத்துக்கு அந்த வரியில் கையெழுத்திடுவதில் தயக்கம் இருக்கக் கூடாது.